தீவில் இறங்கலாமா? மன்னார் வளைகுடாவுக்குப் போகும் ஜவ்வாது மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோடை விழாவோ, நீண்ட விடுமுறையோ முடிந்த மறுநாள் ஜமுனாமரத்தூர் டீக்கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். "வந்தவங்க ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போயிடறாங்க. வருஷம் பூரா இங்க இருக்கிறது நாமதானே?" அருவிப் பக்கம் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டும், பாறை இடுக்கில் உடைந்து கிடக்கும் பாட்டிலும், காட்டு ஓரத்தில் அணைக்காமல் விட்ட அடுப்பும்தான் அந்தக் கோபத்துக்குக் காரணம். நியாயமான கோபம்தான்.

இதே நாம் பள்ளி விடுமுறையில் வேன் பிடித்து, போளூர் வழியாக இறங்கி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து ராமேஸ்வரம் போகிறோம். அங்கே வெளியாள் நாம்தான். சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்து முடித்ததும், பாம்பன் பக்கம் கடலில் பச்சைக் கோடு போலத் தெரியும் தீவுகளைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, படகுல அங்க போக முடியுமா?"

சுருக்கமான பதில்: வனத்துறை திறந்து வைத்திருக்கும் இடத்துக்கு, வனத்துறை ஏற்பாட்டில் போகலாம். மற்ற தீவுகளுக்குப் போகக்கூடாது. ஏன் இப்படி, எப்படிப் போவது, யாரிடம் கேட்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எல்லை எங்கே இருக்கிறது?

ராமேஸ்வரம் அருகே தொடங்கி தூத்துக்குடி வரை, கரையை ஒட்டிக் கடலுக்குள் வரிசையாக 21 சிறு தீவுகள் உண்டு. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இவற்றைப் பிரித்திருக்கிறார்கள். குருசடை, முயல் தீவு, மனோலி, அப்பா, நல்லதண்ணி, காரைச்சல்லி என்று ஒவ்வொன்றுக்கும் மீனவர்கள் வைத்த பெயர் இருக்கிறது. இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பூங்காவைக் கவனிக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது.

நம் மலையில் காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பதை எல்லைக்கல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கடலில் கல் நட முடியாது. அதனால் அங்கே எல்லையை ஆழத்தால் குறித்திருக்கிறார்கள். தீவிலிருந்து கரைப் பக்கம் மூன்றரை பாகம் ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை பூங்கா. ஒரு பாகம் என்பது 6 அடி. அதாவது 20, 30 அடி ஆழம் வரை உள்ள கடல்தான் பாதுகாக்கப்படுகிறது. பவளப்பாறையும் கடல்புல்லும் அடர்ந்து வளர்வது இந்த வெளிச்சம் விழும் ஆழத்தில்தான். சுற்றுலாப் படகின் நங்கூரம் விழுவதும், நீந்த இறங்குபவரின் கால் படுவதும் இதே ஆழத்தில்தான்.

ஒரு கால் பட்டால் என்ன ஆகிவிடும்?

பவளப்பாறை என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. பார்க்கக் கல் போல இருந்தாலும் அது உயிருள்ளது. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிரிகள் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிய வீடு அது. மீனவர்கள் இதைப் 'பார்' என்பார்கள். வீட்டின் மேல்தோலில்தான் அந்த உயிரிகள் இருக்கின்றன. மேலே ஏறி நின்றால் நசுங்குவது அவைதான்.

பெரிய உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். கிளைபோல வளரும் வகைகள் வேகமானவை. ஆனால் எளிதில் ஒடியும். ஒரு நங்கூரத்தை வீசி இழுத்தால், ஒரு பிள்ளை பிறந்து பெரியவனாகும் காலத்தில் வளர்ந்தது அஞ்சு நிமிடத்தில் போய்விடும்.

நேரடியாகத் தொடாமலும் கெடுதல் செய்யலாம். ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமாக நடந்தால் அடிமணல் கலங்கும். அந்த மணல் பவளத்தின் மேல் படிந்தால் வெளிச்சம் மறைந்துவிடும். பவளத்துக்குச் சாப்பாடு போடுவது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி. பாசிக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் பவளத்துக்குச் சாப்பாடு இல்லை.

படகின் விசிறி கடல்புல் திட்டில் உரசினால் வேரோடு பிடுங்கி வரும். அந்தப் புல்லை மேய்ந்து வாழ்வது கடல்பசு. உள்ளூரில் ஆவுளியா என்பார்கள். மீனுக்கு ரொட்டி போடுவதும் உதவி அல்ல. பாரில் வளரும் பாசியை மேய்ந்து சுத்தமாக வைத்திருக்கும் மீன், படகுச் சத்தம் கேட்டால் ரொட்டிக்கு ஓடி வரப் பழகிவிடும்.

உடம்பில் தடவும் சன்ஸ்கிரீனிலும் விஷயம் இருக்கிறது. ஆக்ஸிபென்சோன் போன்ற சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்பதால், அவை கலந்த சன்ஸ்கிரீன்களுக்கு பலாவ் நாடு 2020-லும் அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021-லும் தடை கொண்டுவந்தன. நமக்கு எளிய வழி முழுக்கைச் சட்டையும் தொப்பியும்.

"கடல் இவ்வளவு பெரிசு, நாலு பேர் போனா என்ன?" என்று தோன்றலாம். நாலு பேர் போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ராமேஸ்வரத்துக்கு வருகிற கூட்டம் நாலு பேர் இல்லை. எல்லோரும் போக விரும்புவது கரைக்குப் பக்கத்தில், படகுக்கு வசதியான, அழகான அதே சில திட்டுகளுக்குத்தான். வருகிற ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கெடுக்கிறார்கள். அந்தக் கொஞ்சங்களைக் கூட்டிப் பார்ப்பவர் வனத்துறைக்காரர். அதனால்தான் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு.

மூழ்கிப்போன இரண்டு தீவுகள்

21 தீவுகள் என்று சொன்னோம். அவற்றில் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் இப்போது நீருக்குள் இருக்கின்றன. இதற்குச் சுற்றுலா காரணம் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல ஆண்டுகளாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். பார் போனால் அலையைத் தடுக்கும் சுவர் போய்விடும். சுவர் போனால் அலை நேராகத் தீவின் மணலை அரிக்கும்.

பவளங்கள் 2001-ல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி, யானைக்குச் சமமான பாதுகாப்பில் சேர்க்கப்பட்டன. அதன்பிறகு வெட்டுவது படிப்படியாக நின்றது. தூத்துக்குடி அருகே சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிக் கடலடியில் செயற்கைப் பார்களை இறக்க வேண்டியிருந்தது.

இப்போது மிகப்பெரிய தொல்லை கடல் சூடாவது. 1998, 2010, 2016 கோடைகளில் தண்ணீரின் வெப்பம் ஏறியதால் பவளங்கள் தங்கள் நுண்பாசியை இழந்து வெளுத்துப் போயின. வெளுத்த பவளம் உடனே செத்துவிடாது. கொஞ்ச நாள் தொந்தரவில்லாமல் விட்டால், சூடு தணிந்ததும் சில தேறிவிடும். காய்ச்சலில் கிடப்பவரின் வீட்டுக்குக் கூட்டமாகப் போகக்கூடாது என்பது போலத்தான் இதுவும். கடலின் சூட்டை ராமநாதபுரம் வனச்சரகர் குறைக்க முடியாது. மனிதக் கால்களின் எண்ணிக்கையை அவரால் குறைக்க முடியும். கையில் இருக்கிற அந்த ஒரு மருந்தைத்தான் அவர் பயன்படுத்துகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதி கொடுக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அனுமதியை எங்கே, எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில் கொடுப்பது என்பதை வனத்துறை முடிவு செய்கிறது.

உள்ளே இருந்து எதையும் எடுத்து வரக்கூடாது. செத்துக் கரை ஒதுங்கிய பவளத்துண்டும் இதில் அடக்கம். தீ மூட்டக்கூடாது. சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான விதிமீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். முதல் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்டிருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "சாமி ரூம்ல வைக்க ஒரு சின்னத் துண்டுதானே" என்று பையில் போட்டுக்கொள்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது நம் மலைக்குப் புதிதும் இல்லை. காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்தைப் பாருங்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே வந்ததும் இதே 1986-ல்தான். பொதுமக்களுக்குக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் மட்டுமே அனுமதி. வேண்டாத வெளிச்சம் பட்டால் வானம் தெரியாது என்பதால் அந்த ஒழுங்கு. அங்கே காக்கிறது இருட்டு, இங்கே காக்கிறது தெளிந்த தண்ணீர்.

அப்படியென்றால் எங்கே போகலாம்?

பாம்பன் அருகே குந்துகால் என்று ஓர் இடம். 1897-ல் சுவாமி விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. நினைவு மண்டபமும் இருக்கிறது. இங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு போகிறது. டிக்கெட் வாங்கி, உயிர்காக்கும் மிதவை அங்கி போட்டுக்கொண்டு, உடன் வருபவர் காட்டும் வழியில் போய்த் திரும்ப வேண்டும். காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது. அன்றைக்கு ஓடுமா, கட்டணம் எவ்வளவு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இவை மாறக்கூடியவை, யாரோ இரண்டு வருடத்துக்கு முன் போட்ட யூடியூப் வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.

இன்னொரு நல்ல இடம் தொண்டி அருகே உள்ள காரங்காடு. இது பூங்காவுக்கு வெளியே, பாக் நீரிணைக் கரையில் இருக்கும் மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி உண்டு. வனத்துறையோடு சேர்ந்து இதை நடத்துவது ஊர் மக்கள்தான். படகு ஓட்டுவது, சமைத்துப் போடுவது, வழிகாட்டுவது எல்லாமே உள்ளூர் ஆட்கள். கூட்டம் பிரிந்து போக இப்படி ஒரு மாற்று இடம் இருப்பதும் பூங்காவுக்குப் பாதுகாப்புத்தான்.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள்?

கட்டுப்பாடு என்றாலே கதவை மூடுவது என்று நினைக்க வேண்டாம். அதில் பல வகை உண்டு.

மாற்றி மாற்றித் திறப்பது: அந்தமானில் 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளில் ஒரு பருவத்துக்கு ஒன்றைத்தான் திறக்கிறார்கள். ஒன்றுக்கு ஆட்கள் போகும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். நம் வயலைத் தரிசு போடுகிற அதே கணக்கு.

மூடி, ஆறவைத்து, அளவாகத் திறப்பது: தாய்லாந்தின் மாயா பே கடற்கரை 2000-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் உலகப் புகழ் பெற்றது. நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் குவிந்ததில் பவளம் பெரும்பகுதி அழிந்தது. 2018 ஜூனில் மூடினார்கள். மூன்றரை ஆண்டு கழித்து 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகு விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் நிற்க வேண்டும். ஒரு நேரத்துக்கு இவ்வளவு பேர் என்று கணக்கு. மூடியிருந்த காலத்தில் அந்த விரிகுடாவுக்குச் சுறாக்கள் திரும்பி வந்தன.

முன்பதிவில் எண்ணுவது: நம் ஊட்டியும் கொடைக்கானலும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. முதலில் எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணினார்கள். பிறகு 2025 ஏப்ரலில் அளவு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் மக்களுக்கும் அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. முதலில் எண்ணிப் பார்த்து, பிறகு அளவு வைத்தது இதில் கவனிக்க வேண்டியது. எண்ணாமல் வைக்கிற அளவுக்கு மக்கள் மரியாதை கொடுக்க மாட்டார்கள்.

முதலில் விட்டுக்கொடுத்தது யார்?

சுற்றுலாப் பயணிகள் அதிகம் யோசிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. இந்தத் தீவுகள் பூங்கா ஆவதற்கு முன் யாருமே போகாத இடமாக இருக்கவில்லை. மீனவர்கள் அங்கே தங்கினார்கள், வலை உலர்த்தினார்கள். பாம்பன், சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கி கடல்பாசி எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் சோறு. பூங்கா அறிவிப்புக்குப் பிறகு, தீவில் கால் வைத்தாலே குற்றம் என்ற நிலை அவர்களுக்கு வந்தது. பாசி எடுக்கப் போய்ப் பிடிபட்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு. அந்த வருத்தம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஆனாலும் அந்தப் பெண்களே தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாரைச் சுரண்டும் இரும்புக் கருவியைப் பயன்படுத்தாமல் கையால் பறிப்பது என்று முடிவு செய்தார்கள். விசைப்படகுகளும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கின்றன.

இப்போது யோசியுங்கள். பாசி எடுத்துப் பிழைக்கிற அம்மா 18 நாள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தீவில் வெளியூரிலிருந்து வந்த நாம் காசு கொடுத்தோம் என்பதற்காக ரகசியமாக இறங்கி, பிரியாணி சாப்பிட்டு, ரீல்ஸ் எடுத்தால் அதற்கு என்ன பெயர்? பிழைப்புக்காரருக்கு ஒரு விதி, பொழுதுபோக்குக்கு வந்தவருக்கு வேறு விதி என்றால், எந்த விதிக்கும் ஊரில் மரியாதை இருக்காது.

இது வனத்துறைக்கும் பொருந்தும். தீவைச் சுற்றுலாவுக்குத் திறந்தால், படகு ஓட்டும் வேலையும், வழிகாட்டும் வேலையும், வருமானமும் முதலில் விட்டுக்கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். காரங்காடு போன்ற இடங்கள் அதற்கு வழி காட்டுகின்றன. ஜவ்வாது மலையில் தேனும் கடுக்காயும் எடுத்து வாழும் நம் மக்களுக்கு இந்த நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் காட்டைப் பார்க்க வருகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

கிளம்பும் முன் போனில் செய்ய வேண்டியவை

1. வானிலை பாருங்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் 'மீனவர்களுக்கான எச்சரிக்கை' என்று தினமும் வரும். மீனவரே போகக்கூடாது என்ற நாளில் நாம் படகு கேட்கக்கூடாது.

2. படகு ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். ராமநாதபுரம் மாவட்ட அரசு இணையதளத்திலும் வனத்துறை தளத்திலும் தொடர்பு விவரம் தேடுங்கள். இடைத்தரகர் அனுப்பும் வாட்ஸ்அப் விளம்பரத்தை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

3. எல்லோருடைய அடையாள அட்டையும் போனில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் சேமித்து வைத்தால் வசதி.

4. பணம் கட்டும்போது மூன்று விஷயம் பாருங்கள்: வனத்துறை பெயரில் ரசீது வருகிறதா, எல்லோருக்கும் மிதவை அங்கி இருக்கிறதா, படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா. ஒன்று குறைந்தாலும் ஏறாதீர்கள்.

5. ட்ரோன் வைத்திருந்தால் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். பூங்காவுக்கு மேல் பறக்கவிட அனுமதி வேண்டும். தீவுகளில் கூடு கட்டும், ஓய்வெடுக்கும் பறவைகளை அது கலைத்துவிடும்.

6. இந்த எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554, அவசர உதவி 112. சேவையில் குறை இருந்தால் முதல்வரின் முகவரி உதவி மையம் 1100.

நாலாவது விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள். மிதவை அங்கி இல்லை. 2017 பிப்ரவரியில் மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் மணப்பாடு அருகேயும் சுற்றுலா வந்தவர்கள் மீன்பிடிப் படகில் ஏறிப் போய் உயிரிழந்தார்கள். கட்டுப்பாடு பவளத்தை மட்டும் காக்கவில்லை; நம் பிள்ளைகளையும் சேர்த்தே காக்கிறது.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"மீனவர் ஒருத்தர் தெரிஞ்சவர். அவர் படகில் போய் தீவைச் சுத்திட்டு மட்டும் வந்தா தப்பா?"
அனுமதி இல்லாமல் பூங்கா எல்லைக்குள் போனால் தப்புதான். பிடிபட்டால் நமக்கு அபராதம். அவருக்குப் படகே போகலாம். நம் ஒரு நாள் ஆசைக்கு அவர் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

"கடையில் விற்கிற சங்கு, பவளம் வாங்கலாமா?"
பவளம் வாங்குவதும் விற்பதும் குற்றம். கடல்குதிரை, ஆமை ஓடு எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள். நினைவுப்பொருள் வேண்டுமென்றால் பனை ஓலைப் பொருள் வாங்குங்கள். ராமநாதபுரம் பனைக்குப் பேர் போனது.

"நீச்சல் தெரியும், பாரைப் பார்க்க இறங்கலாமா?"
வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், உடன் வருபவர் சொன்னால் மட்டும். இறங்கினால் எதன் மேலும் நிற்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். காலை மேலே வைத்து மிதந்து பாருங்கள்.

"சின்னப் பிள்ளைகள் இருக்காங்க. தீவுக்குப் போகாமலே ஏதாவது பார்க்க முடியுமா?"
முடியும். பாம்பன், மண்டபம் கரையிலேயே அலை இறங்கிய நேரத்தில் நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கலாம். கையில் எடுக்காமல் பார்க்கப் பழக்குவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

"யாராவது பவளம் உடைக்கிறதைப் பார்த்தா?"
தூரத்திலிருந்து இடம், நேரம், படகின் பதிவு எண் குறித்துக்கொண்டு 1093-க்கு அல்லது அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நேரில் சண்டைக்குப் போகாதீர்கள்.

மலைக்குத் திரும்பிய பிறகு

கடலில் கற்றுக்கொண்டதை வீட்டில் பயன்படுத்தவும் இடம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது. கூட்டிப் போவது பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். தீ பிடிக்கும் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. கடலில் பார்த்த அதே ஒழுங்குதான் இது: குறித்த வழி, குறித்த எண்ணிக்கை, உள்ளூர் வழிகாட்டி, ஓய்வுக்காலம்.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் சேர்ந்து, கல்பாக்கம் பக்கம் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் நம் ஓடையில் வீசிய பிளாஸ்டிக் கப்புக்கும் அதுவே வழி. கடலைப் பார்க்க நாம் போகாத நாளிலும் நம் குப்பை அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்த எந்த இ-பாஸும் கிடையாது. மஞ்சப்பை ஒன்றும், தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும் போதும்.

அடுத்த விடுமுறையில் ராமேஸ்வரம் போனால், குந்துகாலில் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். அன்றைக்குப் படகு இல்லை என்று சொன்னால், கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நம் மலைக்கு வருகிறவர் எப்படி நடந்துகொண்டால் நமக்குச் சந்தோஷமோ, அப்படி நடந்துகொண்டால் போதும். வேறு விதிப்புத்தகம் தேவைப்படாது.